வாளையாறு தாண்டினால் கண்ணாடி விதி மாறுமா? காரில் கூலிங் ஃபிலிம் ஒட்டியவர்களுக்கு

பாலக்காட்டில் பில் போட்டு ஒட்டிய ஃபிலிமோடு கோவைக்கு வரலாமா? சொந்த ஊரில் ஒருவரும் கேட்காத கண்ணாடியைப் பெங்களூருவில் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? அடிக்கடி மாநில எல்லை தாண்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. மாநிலத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். கார் கண்ணாடிக்கான விதி நாடு முழுக்க ஒன்றே. சோதனையின் கெடுபிடி, கட்ட வேண்டிய தொகை, உயர் நீதிமன்றம் அந்த விதிக்குச் சொன்ன பொருள் ஆகியவைதான் எல்லையில் மாறுகின்றன. கடைசியாகச் சொன்னது 2024க்குப் பிறகு கேரளத்துக்கும் மற்ற மாநிலங்களுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுவிட்டது.

விதி என்ன சொல்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 100ஆம் விதிதான் அடிப்படை. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதம் விட வேண்டும். கடைகளில் இதைத்தான் வி.எல்.டி. என்பார்கள். அந்த எண் உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவு, தடுக்கப்படும் வெளிச்சம் அல்ல. ‘20 ஃபிலிம்’ என்று கேட்டு வாங்கினால் 20 சதவீத வெளிச்சம் மட்டுமே உள்ளே வரும், கிட்டத்தட்ட இருட்டு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ‘இருபதுதானே, லேசானது’ என்று ஒட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

ஃபிலிமை விதி வெளிப்படையாகத் தடுக்கவில்லை. தடுத்தது உச்ச நீதிமன்றம். அவிஷேக் கோயங்கா வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று வந்த தீர்ப்பு, கண்ணாடி தயாரிக்கும்போதே அந்த 70, 50 அளவில் இருக்க வேண்டும், அதன்மேல் எத்தனை சதவீதமானாலும் கருப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக் கூடாது என்றது. 2012 மே 4 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஃபிலிம் தயாரிப்பாளர்கள் திரும்பப் போய் மாற்றம் கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அதுவும் மறுக்கப்பட்டது. அபராதத்தோடு நிற்காமல் ஃபிலிமை அங்கேயே அகற்றவும் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு அதிகாரிகளுக்குச் சொல்கிறது. சாலையோரத்தில் போலீஸார் பிளேடோடு நிற்பதற்கு இதுதான் காரணம்.

பிறகு விதி திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாதுகாப்புக் கண்ணாடி’ என்ற சொல்லோடு ‘சேஃப்டி கிளேசிங்’ என்பதும் சேர்ந்தது. வாகனக் கண்ணாடிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2553 பாகம் 2இன் 2019 பதிப்பு, உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியையும் அந்த வகையில் சேர்க்கிறது. இதை வைத்துத்தான் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2024 செப்டம்பரில், அந்தத் தரத்துக்கு உட்பட்டு, 70–50 அளவைக் காக்கும் ஃபிலிமை ஒட்டலாம், அதற்காக அபராதம் போடக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

ஆனால் 2012 தீர்ப்பு ரத்தாகிவிடவில்லை. ஓர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அந்த மாநில அதிகாரிகளைத்தான் கட்டும். பக்கத்து மாநில வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம். சாலையில் நிற்கும் சப்-இன்ஸ்பெக்டர் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. குற்றம் எங்கே நடந்தது என்பதுதான் கணக்கு, வண்டி எங்கே பதிவானது என்பது அல்ல. கே.எல். எண் உள்ள கார் கோவை சாலையில் ஓடும்போது கேரளத் தீர்ப்பின் பாதுகாப்பு அதற்கு இல்லை. டி.என். எண் உள்ள கார் திருவனந்தபுரத்தில் அளவுக்கு உட்பட்ட ஃபிலிமோடு ஓடினால் அந்தப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. ஆனால் களியக்காவிளை வரை அந்தக் கார் தமிழ்நாட்டுச் சாலையில்தானே வந்தாக வேண்டும்?

எனவே ஒரு மாநிலத்துக்கு மேல் ஓடும் காருக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான். ஃபிலிம் இல்லாமல் வைத்திருங்கள். அளவுக்குள் இருக்கிறது என்ற வாதம் கேரளத்துக்கு வெளியே சாலையில் எடுபடாது. அங்கே கேட்கப்படுவது ‘எத்தனை சதவீதம்’ அல்ல, ‘ஃபிலிம் இருக்கிறதா, இல்லையா’ என்பதே.

கேரளத்திலேயே ஓடும் கார் என்றால்

அப்போது கணக்குப் போட்டுத்தான் ஒட்ட வேண்டும். பெரும்பாலான கடைகள் சறுக்குவது இங்கேதான். ஃபிலிமின் பெட்டியில் இருக்கும் எண் ஃபிலிமுக்கு மட்டும். சட்டம் கேட்பதோ கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த மொத்த அளவு. இரண்டையும் பெருக்க வேண்டும்.

இன்றைய கார்களில் வரும் லேசான பச்சைக் கண்ணாடி சுமார் 75 சதவீதம் விடுகிறது என்று வையுங்கள். அதன்மேல் 70 ஃபிலிம் ஒட்டினால் 0.75 × 0.70 = 0.525. பக்கவாட்டுக்கு நூலிழையில் தப்பிக்கும். ‘சட்டப்படி ஐம்பதுதானே’ என்று 50 ஃபிலிம் ஒட்டினால் 0.75 × 0.50 = 0.375, நேரடியாகக் குற்றம். முன் கண்ணாடியின் கதை இன்னும் மோசம். ஏறக்குறைய நிறமே இல்லாத 90 ஃபிலிமை அதே 75 கண்ணாடியில் ஒட்டினாலும் 67.5தான் வரும். பச்சைச் சாயல் உள்ள முன் கண்ணாடியில் எதையுமே ஒட்ட இடம் இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. பின் கண்ணாடிக்கும் 70தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பக்கவாட்டுக்கு வாங்கிய அதே சுருளில் மிச்சமிருப்பதைப் பின்னால் ஒட்டித் தருவது கடைக்காரருக்கு லாபம், அபராதம் உங்களுக்கு.

கடையில் ஒட்டும் முன், உங்கள் கண்ணாடியை மட்டும் டின்ட் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒட்டி, தண்ணீர் காய்ந்த பிறகு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் ஃபிலிமுக்கு அடியில் ஈரமும் மங்கலும் இருக்கும், அப்போது எடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல. பில்லில் ஃபிலிமின் தயாரிப்பாளர், மாடல், வி.எல்.டி. ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். ஐ.எஸ். 2553க்கு உட்பட்டது என்ற தயாரிப்பாளரின் சான்றும் வேண்டும். அதைத் தர முடியாது என்கிற கடையில் ஒட்டாதீர்கள். நீதிமன்றம் அனுமதித்தது அந்தத் தரத்துக்கு உட்பட்டதைத்தான்.

ஃபிலிம் உலோகப் பூச்சு உள்ளதா என்றும் கேளுங்கள். முன் கண்ணாடியில் உலோகப் படலம் இருந்தால் ஃபாஸ்டேக் ரேடியோ அலையில் வேலை செய்வதால் சுங்கச்சாவடியில் ஸ்கேன் ஆகாமல் தடுமாறும். ஜி.பி.எஸ். சிக்னலும் பலவீனமாகும். செராமிக் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, விலைதான் அதிகம்.

கம்பெனிக் கண்ணாடியா, ஒட்டியதா? நீங்களே பார்ப்பது எப்படி

பழைய கார் வாங்கியவர்களுக்கு இது முதல் வேலை. வெளி மாநிலத்திலிருந்து வந்த வண்டிகளில் ஃபிலிம் இருப்பதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடியைக் கால்வாசி இறக்கி மேல் விளிம்பைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே ஒரு கோடு தெரியும், அதற்கு மேல் கண்ணாடி நிறம் வெளுத்திருக்கும். உட்பக்கம் நகத்தால் அந்தக் கோட்டை வருடினால் இடறும். கம்பெனியிலேயே சாயம் சேர்த்த கண்ணாடி என்றால் விளிம்பு வரை ஒரே நிறம்.

அடுத்து கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் முத்திரை. இந்தியாவில் விற்கும் காரில் ஐ.எஸ்.ஐ. குறியும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும். பல கார்களில் வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் 43ஆர் என்று தொடங்கும் எண்ணும் கூடவே இருக்கும்; அது ஐரோப்பியத் தரம். அந்த எண்ணோடு ரோமன் ஐந்து சேர்ந்திருந்தால் அந்தக் கண்ணாடி 70க்குக் குறைவான வெளிச்சம் விடுவது என்று பொருள். பக்கவாட்டில் அது 50க்கு மேல் இருந்தால் இங்கே குற்றமில்லை, ஆனால் அளந்து பார்த்துவிட வேண்டும். இறக்குமதி எஸ்.யு.வி.களின் பின் பக்கக் கண்ணாடிகள் பலவற்றில் அளவு 50க்கு வெகு கீழே இருக்கும். ‘கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது’ என்பது விதிவிலக்கு ஆகாது.

கையில் மீட்டர் இல்லையென்றால் போனிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். வெளிச்சத்தை லக்ஸ் அலகில் அளக்கும் ஏதாவது ஒரு செயலி போதும். மேகமூட்டமான பகல், அல்லது கட்டட நிழலில் வெளிச்சம் சீராக இருக்கும் இடம் வேண்டும். நேர் வெயிலில் செய்தால் எண்கள் தாவும். கண்ணாடியை உள்ளும் வெளியும் துடையுங்கள். தூசியே சில சதவீதத்தைத் தின்றுவிடும். காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, போனின் முகப்பு வெளியே பார்க்கும்படி ஜன்னல் வாயிலில் பிடித்து எண்ணைக் குறியுங்கள். சென்சார் போனின் மேல் விளிம்பில், ஸ்பீக்கர் துளை அருகே இருக்கும்; விரல் மறைக்கக் கூடாது. இப்போது கண்ணாடியை ஏற்றி, போனை அதே இடத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து மறுபடி குறியுங்கள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். திறந்தபோது 8,000, மூடியபோது 4,400 என்றால் 55. மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். இதில் சில சதவீதம் பிசகும் என்பதால் 50க்கும் 55க்கும் நடுவே வந்தால் நிம்மதி கொள்ளாமல் நல்ல மீட்டரில் அளந்துவிடுங்கள். இந்த எண்ணைப் போலீஸிடம் காட்டிப் பயனில்லை; உங்களுக்குத் தெரிந்துகொள்ள மட்டும்.

ஃபிலிமைக் கழற்றுவது

பயணத்துக்கு முந்தைய நாள் வீட்டில் கழற்றுவது, சாலையோரத்தில் அடுத்தவர் பிளேடால் கிழிப்பதைவிட எவ்வளவோ மேல். அங்கே அவசரத்தில் பின் கண்ணாடியில் படியும் மங்கலைப் போக்கும் டிஃபாகர் கம்பிகளும் சேர்ந்து போய்விடும். அந்தக் கம்பி அறுந்தால் மழைக்காலத்தில் பின்னால் எதுவும் தெரியாது, சரிசெய்வதும் சுலபமல்ல.

கதவுக் கண்ணாடிகளில் தொடங்குங்கள். கதவின் உள் பலகையையும் ஜன்னல் சுவிட்சையும் துண்டால் மூடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பூ கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரைக் கண்ணாடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே மேல் மூலையைச் சூடாக்குங்கள். கை வைத்தால் சுடும் அளவுக்கு வந்ததும் மூலையை நகத்தால் கிளப்பி, 45 பாகைக் கோணத்தில் மெதுவாக இழுக்கலாம். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிம் மட்டும் கையோடு வந்து பசை முழுக்கக் கண்ணாடியில் தங்கிவிடும். அதன் பிறகு வேலை இரட்டிப்பு. இழுக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சூடு போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஆகவே இரண்டு பேர் இருந்தால் நல்லது.

மிஞ்சிய பசைக்கு ஷாம்பூத் தண்ணீரை நனைய அடித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் ஒரே திசையில் தள்ளுங்கள். அதற்கும் அசையாத இடத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து வைத்துத் துடைக்கலாம். கதவுகளைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பின் கண்ணாடியில் பிளேடு, உலோகச் சுரண்டி இரண்டும் கூடவே கூடாது. அங்கே டிரையருக்குப் பதில் துணி தேய்க்கும் கார்மென்ட் ஸ்டீமர் சிறந்தது. ஆவி பசையையும் சேர்த்து இளக்கும். கம்பிகள் போகும் திசையிலேயே, அதாவது கிடைமட்டமாக இழுங்கள். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்த லேமினேட் வகை. ஹீட் கன் வைத்து ஒரே புள்ளியில் சூடேற்றினால் விரிசல் விடும். ஏற்கெனவே கல் பட்ட புள்ளி இருந்தால் அதைத் தொழில்காரரிடம் விட்டுவிடுங்கள்.

திரை, வலை, ஸ்டிக்கர்

ஃபிலிம் வேண்டாம் என்று சொன்னதும் பலரும் போவது காந்த வலைத் திரைக்கு. 2012 தீர்ப்பு சொன்ன ‘வேறு எந்தப் பொருளும்’ என்ற சொற்களுக்குள் இதையும் சேர்த்தே போலீஸ் பார்க்கிறது. கேரளத்தில் 2021 ஜனவரியில் ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்ற பெயரில் மோட்டார் வாகனத் துறை நடத்திய சோதனையின் குறியே திரைச்சீலையும் கருப்பு ஃபிலிமும்தான். வண்டி ஓடும்போது எல்லாத் திரையையும் கழற்றி வைத்துவிடுங்கள். நிறுத்தியிருக்கும்போது வெள்ளி நிற மடக்குத் தட்டி வைப்பதில் எந்தத் தடையும் இல்லை, டேஷ்போர்டு சூட்டுக்கு அதுதான் நல்ல மருந்தும்.

தோல் நோய், கைக்குழந்தை, வெயில் ஒவ்வாமை என்று மருத்துவர் கடிதம் வைத்திருப்பவர்கள் உண்டு. 100ஆம் விதியில் மருத்துவ விலக்கு இல்லை, கடிதத்தால் சோதனைச் சாவடியில் அனுதாபம் வேண்டுமானால் கிடைக்கலாம். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும் தனிக் குழு பரிசீலித்து விலக்கு தர 2012 தீர்ப்பு வழிவிட்டது. முன் கண்ணாடியில் ஒட்டிய கட்சிக் கொடி, ‘பிரஸ்’, ‘அட்வகேட்’ எதற்கும் அந்தத் தகுதி கிடையாது.

நிறுத்தினால்

ஓரம் கட்டி, நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிடுங்கள். இரவு என்றால் உள்விளக்கைப் போடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கம்பெனிக் கண்ணாடியை ஃபிலிம் என்று சந்தேகித்தால் விளிம்பையும் முத்திரையையும் காட்டுங்கள். எல்லாக் கண்ணாடியின் முத்திரையையும் போனில் படம் எடுத்து வைத்திருப்பது இருட்டில் உதவும். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் போதும்.

ஃபிலிம் இருந்து மாட்டிக்கொண்டால் வாதாட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைகளில் 1,500 ரூபாய் வரை. 200ஆம் பிரிவின்கீழ் அந்த இடத்திலேயே கட்டி முடிக்கும் தொகையை ஒவ்வொரு மாநிலமும் தனியே நிர்ணயிக்கிறது. எல்லை தாண்டினால் தொகை வேறாகத் தெரிவது இதனால்தான். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், ஈ-சலான் எண் வாங்குங்கள். காலையில் ஒரு மாநிலத்தில் கட்டிய ரசீது மாலையில் அடுத்த மாநிலத்தில் செல்லாது. ஃபிலிமை எடுக்காத வரை அது புதுக் குற்றம்தான். அங்கேயே கழற்றச் சொன்னால் கதவுக் கண்ணாடிகளை அவர்கள் கழற்றட்டும். பின் கண்ணாடியில் டிஃபாகர் கம்பி இருப்பதைச் சுட்டிக்காட்டி, நீங்களே கழற்றுவதாகப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

வேலை மாறி வேறு மாநிலத்துக்கே குடிபோகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்கி மறுபதிவு செய்தாக வேண்டும். ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு வண்டி போகும்போது கண்ணாடியும் பார்க்கப்படும். டாக்சி, வேன் போன்றவற்றுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் இதே கதைதான். என்.ஓ.சி.க்கு விண்ணப்பிக்கும் முன் பரிவாகன் ஈ-சலான் தளத்தில் வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் போட்டுப் பாருங்கள். வேறு மாநிலத்தில், உங்களுக்குத் தெரியாமலே விழுந்த கண்ணாடி சலான் ஏதாவது கட்டப்படாமல் கிடந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். நாளாகிவிட்டால் அது மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அப்போது அந்த மாநில மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் தேடிக் கட்ட வேண்டும்.